அடுப்படி வாளியிலிருந்து பூச்செடிக்கு: மலையகத்தில் மண்ணைத் தேற்றும் வழி

எங்கள் வீட்டு இஸ்தோப்புக்கு முன்னால் இரண்டு ஹைட்ரேஞ்சியா நிற்கின்றன. இரண்டும் ஒரே செடியில் வெட்டிய குச்சிகள், ஒரே நாளில் நட்டவை. இடப்பக்கம் நிற்பது நல்ல நீலமாகப் பந்து பந்தாகப் பூக்கிறது, வலப்பக்கம் நிற்பது வெளிறிய ரோஸ். காரணம் அடுப்புச் சாம்பல். அடுப்படிக்குப் போகிற வழி வலப்பக்கம் என்பதால் அம்மா பத்து வருடத்துக்கு மேலாகக் காலையில் அள்ளுகிற சாம்பலை எல்லாம் அந்தச் செடியின் அடியில்தான் கொட்டிவந்தார், மண்ணின் புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூவின் நிறமே மாறிவிட்டது.

சமையலறைக் கழிவைப் பூச்செடிக்குப் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களை நான் முதலில் இந்த இரண்டு செடிக்கும் முன்னால்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஏனென்றால் ஒரே வாளியில் போட்டுக் குப்பை என்று ஒரே பெயரில் சொன்னாலும், அதில் இருக்கிற ஒவ்வொன்றும் மண்ணுக்குள் வேறு வேறு வேலை செய்கிறது. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் நன்றாக மக்கிய பிறகு எந்தச் செடிக்கும் நல்லது. மக்காமல் வேரில் கொட்டினால் எந்தச் செடிக்கும் கெடுதல். சாம்பலும் முட்டை ஓடும் சில செடிக்கு மருந்து, சில செடிக்கு ஆகவே ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், மீதி கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

நம் மலைநாட்டு மண் இயல்பிலேயே புளிப்பு மண். வருடக்கணக்கான மழை மண்ணிலிருக்கிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து ஆற்றுக்கு அனுப்பிவிடுகிறது, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கின்றன, அதனால்தான் மண்வெட்டியைப் போட்டால் சிவப்பும் மஞ்சளுமாக வருகிறது. தேயிலைக்கு இது பொருத்தம், அது பிஎச் 4.5 முதல் 5.5 வரையான புளிப்பில் நன்றாக நிற்கும். பிஎச் 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படியான மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு, நாம் போடுகிற பொஸ்பரசை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாது.

காட்டை வெட்டிக் கோப்பி போட்டு, பிறகு 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை தொடங்கி, அதற்கப்புறம் மலை மலையாகத் தேயிலையாகி, இந்தச் சரிவுகள் மேல்மண்ணை இழந்துகொண்டே வந்திருக்கின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் கறுத்த மண் இரண்டு விரல் அளவுகூட இருக்காது, கீழே கிரவல்தான். பூச்செடி நட்டால் வேர் பிடிக்கிறது, ஆனால் வளர்த்தி இல்லை, பூ சின்னதாகிறது. அதில் மக்கிய கூட்டெருவைச் சேர்க்கும்போது மண் ஈரத்தைப் பிடிக்கிறது, மண்புழு வருகிறது, மக்கு அலுமினியத்தைத் தன்னோடு கட்டிக்கொள்வதால் பொஸ்பரசும் வேருக்குக் கிடைக்கிறது. கடையில் வாங்குகிற பசளையால் மட்டும் இது நடக்காது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது கூட்டெரு என்ற சொல் எல்லார் வாயிலும் வந்தது, ஆனால் ஒரே போகத்தில் மண் மாறிவிடும் என்று எதிர்பார்த்ததால் நிறையப் பேருக்கு அதில் வெறுப்புத் தட்டிவிட்டது. கூட்டெரு மெதுவாகத்தான் வேலை செய்யும், தெரிந்தே தொடங்குங்கள்.

உங்கள் மண் எவ்வளவு புளிப்பு என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஹைட்ரேஞ்சியா இருந்தால் நிறத்தைப் பாருங்கள். பிஎச் 5.5 க்குக் கீழே அலுமினியம் கரைந்து செடிக்குள் போகும், பூ நீலமாகும். 6.5 க்கு மேலே போனால் ரோஸ். நடுவில் ஊதாவும் கலவையும் வரும். வெள்ளை இனத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அது மாறாது. சரியான எண்ணே வேண்டுமென்றால் பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

எந்தச் செடி எந்தப் பக்கம்

புளிப்பு மண்ணை விரும்புகிறவை ஒரு கூட்டம்: அசேலியா, கமேலியா, நீலமாகவே இருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கிற ஹைட்ரேஞ்சியா. கமேலியா தேயிலையின் உடன்பிறப்பு, இரண்டும் ஒரே பேரினம், தேயிலை நிற்கிற மண்ணில் அதுவும் நிற்கும். அசேலியாவின் சொந்தக்காரர்தான் ஹோட்டன் சமவெளியில் யாரும் நடாமல் தானாக வளர்ந்து சிவப்பாகப் பூக்கிற ரொடடென்ட்ரன் மரம். இவற்றுக்கு நம் மண்ணின் புளிப்பை மாற்ற வேண்டியதே இல்லை, மக்கை மட்டும் சேர்த்தால் போதும்.

இன்னொரு கூட்டம் ரோஜா. அதற்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் சந்தோஷம், நம் தோட்ட மண் அதற்குக் கொஞ்சம் அதிகப் புளிப்பு. செவ்வரத்தை, ஜெரேனியம், பொயின்செட்டியாவையும் நான் ரோஜா பக்கமே வைத்துக்கொள்கிறேன். அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் இந்தக் கூட்டத்துக்கு மட்டும். இந்த ஒரு பிரிவினையை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், குறிப்பாகச் சாம்பல் அள்ளுகிறவருக்கு.

வாளி

மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி ஒன்று போதும். அடியில் இரண்டு கை காய்ந்த இலையைப் போட்டு அடுப்படியில் வையுங்கள், அன்றன்றைய கழிவை அதில் போட்டு, மேலே ஒரு கை இலையோ மரத்தூளோ தூவி மூடுங்கள். இப்படிச் செய்தால் ஈ வராது, நாற்றம் வராது. எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ சேர்கிறது, கோவாவும் லீக்ஸும் மலிந்த நாளில் இன்னும் கூட. வாளியை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

உள்ளே போகலாம்: காய்கறித் தோல், கீரைத் தண்டு, கரட் இலை, சவ்சவ் தோல், பழத்தோல், வெங்காயத் தோல், காய்ந்துபோன சாமிப்பூ, தேயிலைச் சக்கை. பெரிய துண்டுகளைக் கத்தியால் நறுக்கிப் போட்டால் பாதிக் காலத்திலேயே மக்கும், லீக்ஸ் அடியும் கோவாத் தண்டும் நறுக்காமல் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தேங்காய்ப்பூச் சக்கை கொஞ்சம் போகலாம், எண்ணெய் உள்ளதால் அதிகம் வேண்டாம்.

தேயிலைச் சக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் ஒரு வீட்டில் நாளைக்கு மூன்று நான்கு தடவை தேத்தண்ணி ஊற்றுகிறோம், இவ்வளவு நல்ல நைதரசன் உள்ள பொருள் வேறு யாருக்கும் இப்படிச் சும்மா கிடைக்காது. அது மண்ணை மிகவும் புளிக்க வைக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள், சாயம் இறங்கிய சக்கை அப்படிப் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. தவறு வேறு இடத்தில் நடக்கிறது. வடிகட்டியைச் செடியின் அடியில் தினமும் தட்டித் தட்டி அது ஒரு அங்குலத் தட்டாக இறுகி, மேலே பூஞ்சணம் பிடித்து, மழைத்தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஆகவே கூட்டெருவில் சேருங்கள், அல்லது நேரடியாகப் போடுவதென்றால் மெல்லிசாகத் தூவி மேலே காய்ந்த இலையை மூடுங்கள். சீனியும் பாலும் கலந்த பிறகு வடித்த சக்கை எறும்பைக் கூட்டும், அதை வாளிக்கே அனுப்புங்கள். தேயிலைப் பையாக இருந்தால் கிழித்துத் தூளை மட்டும் எடுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது.

உள்ளே போகக்கூடாதது: மீன் தலை, கருவாடு, நெத்தலிக் கழிவு, இறைச்சி, எலும்பு, எண்ணெயில் பொரித்த மிச்சம், உப்பு மிகுந்த ஊறுகாய், சம்பல். உப்பு மண்ணைக் கெடுக்கும். மீனும் இறைச்சியும் எலியைக் கூட்டும், காட்டுப்பன்றியைக் கூட்டும், நாய்கள் இரவெல்லாம் சுற்றும். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுகிற இடம் இது, நாய் எங்கே கூடுகிறதோ அங்கே சிறுத்தை வரும், லயத்துப் பக்கம் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. அழுகிய உருளைக்கிழங்கும் வாடல் வந்த தக்காளியும் வேண்டாம், நோய்க்கிருமி மண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும், உருளைக்கிழங்கு போடுகிற நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். களைகொல்லி அடித்த இடத்துப் புல்லும் வேண்டாம். கரும்புள்ளி விழுந்த ரோஜா இலைகளையும் சேர்க்காதீர்கள்.

சோறு மிஞ்சினால்? கொஞ்சமாக இருந்தால் குவியலின் நடுவில் புதைத்து மூடலாம். அரிசி கழுவிய தண்ணீரை உப்பு சேராத வரைக்கும் அன்றன்றைக்கே செடிக்கு ஊற்றலாம், ஒரே செடிக்குத் தினமும் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

குவியலா, சாக்கா

இடம் இருந்தால் குவியல் நல்லது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடி இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும், அதைவிடச் சின்னதாக இருந்தால் மக்கும், ஆனால் மெதுவாக. நான்கு குச்சி நட்டு, சுற்றி மூங்கில் பிளாச்சோ பழைய வலையோ கட்டிக்கொள்ளுங்கள். அடியில் அரை அடிக்கு மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி போடுங்கள், கவ்வாத்து வெட்டிய மலையில் கேட்டு எடுக்கலாம், அது காற்று போக வழி விடும். அதன் மேல் ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை என்ற கணக்கில் அடுக்கு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கை தோட்ட மண்ணோ சாணிக் கரைசலோ தெளியுங்கள்.

இந்தக் காய்ந்த இலைக் கணக்கைத்தான் புதியவர்கள் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், குவியல் நாறுகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் பிரச்சினை இதுதான். பச்சைக் கழிவில் ஈரமும் நைதரசனும் அதிகம், காய்ந்ததில் கரிமம் அதிகம், நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிமம் வேண்டும். நமக்கு இதற்குப் பஞ்சமே இல்லை: சவுக்கு மரத்து இலை ரோட்டோரம் எங்கும் கிடக்கிறது, மானாப்புல்லை வெட்டிக் காயவைக்கலாம், பைன் காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஊசி இலை. யூகலிப்டஸ் இலை மட்டும் அளவாகப் போடுங்கள், அதிலுள்ள எண்ணெயால் மக்க நாளாகும். வேலியோரம் மஞ்சளாகப் பூக்கிற காட்டு சூரியகாந்தி இருந்தால் அதன் இலையையும் இளந்தண்டையும் நறுக்கிச் சேருங்கள், பச்சைப் பங்கில் அது மிக நல்ல சரக்கு, சீக்கிரம் மக்கும்.

மழை இன்னொரு பெரிய விஷயம். சமவெளியில் இருப்பவர்கள் குவியலுக்குத் தண்ணீர் தெளி என்று சொல்வார்கள், அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் நாம் தண்ணீரைத் தடுக்கத்தான் பாடுபட வேண்டும். மேலே ஒரு தகரமோ படங்கோ போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வையுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், காய்ந்த இலையைக் கலந்து புரட்டுங்கள். உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. பதுளை, பசறைப் பக்கத்தில் கச்சான் காற்றுக் காலத்தில் உதிரும், அப்போது மட்டும் தெளியுங்கள்.

இடம் இல்லாத லயத்துக்காரர்களுக்குச் சாக்குதான் வழி. 50 கிலோ உரச் சாக்கைக் கழுவி, பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, இரண்டு கல்லின் மேல் நிறுத்துங்கள். அடுக்குகிற முறை அதேதான். சாக்கில் சூடு ஏறாது என்பதால் நோய் வந்த இலையோ விதையோ சாகாது, அதனால் அதில் இன்னும் கவனம் வேண்டும், சவ்சவ் முளைத்த காயைப் போட்டால் இரண்டு மாதத்தில் சாக்கைக் கிழித்துக்கொண்டு கொடி வரும்.

குழி தோண்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டை வெட்டி வீடு கட்டிய இடங்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் குழி தோண்டாதீர்கள், அதன் உச்சியிலும் வேண்டாம். குழியில் மழைநீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கினால் மேடு இளகும். 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது நமக்கெல்லாம் தெரியும். குவியலைத் தரைக்கு மேலேயே வையுங்கள், தண்ணீர் ஓடுகிற கானை அடைத்துக்கொண்டும் வைக்காதீர்கள்.

புரட்டுவதும் காத்திருப்பதும்

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள், வெளியே இருந்தது உள்ளே போக வேண்டும். சாக்கு என்றால் இன்னொரு சாக்குக்குள் கொட்டினால் புரட்டிய மாதிரிதான். உள்ளே வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சணம் கண்டால் சந்தோஷப்படுங்கள், வேலை நடக்கிறது. சாம்பல் நிறத்தில் தட்டையாக நெளிகிற புழுக்களும் கெடுதல் இல்லை. ஆனால் கொழுத்து வளைந்து, தலை மட்டும் செம்பழுப்பாக இருக்கிற வெள்ளை வண்டுப் புழுவைப் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள், அது மண்ணுக்குள் போனால் வேரைத் தின்னும்.

எத்தனை நாள் ஆகும் என்றால், குளிர்தான் அதைத் தீர்மானிக்கிறது. தலவாக்கலை, நுவரெலியா உயரத்தில் நன்றாகப் புரட்டினாலும் 4 முதல் 6 மாதம், பதுளைப் பள்ளத்தில் 3 மாதத்தில் வந்துவிடும். ஆனது தெரிய எளிய வழி: கறுப்பாக, பொலபொலவென்று, மழை விழுந்த மண் வாசத்தோடு இருக்கும், எது எந்தத் தோல் என்று அடையாளம் தெரியாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சிரட்டையில் போட்டு 10 பயறு விதையுங்கள். எட்டு ஒன்பது நன்றாக முளைத்து நிமிர்ந்தால் போடலாம். முளை கருகினாலோ அழுகினாலோ இன்னும் ஒரு மாதம் விடுங்கள்.

போன வருடம் கடைசிக் காம்பராத் தங்கச்சி ஓடி வந்தாள். "அண்ணே, ஒரு வாளிக் குப்பைய அப்படியே ரோஜா அடியில தோண்டிப் போட்டேன், ரெண்டு வாரத்துல இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. பூக்கும்னு பாத்தா செடியே போயிரும் போல."

"எவ்வளவு கிட்டத் தோண்டுன?"

"அடியை ஒட்டித்தாண்ணே. வேருக்குக் கிட்டக் கெடைக்கட்டும்னு."

இதில் மூன்று கெடுதல் ஒன்றாக நடந்துவிட்டது. தோண்டும்போது நல்ல வேர்கள் அறுந்தன. அழுகுகிற குப்பை மண்ணிலிருந்த காற்றை உறிஞ்சி, மிச்சமிருந்த வேரை மூச்சுத் திணற வைத்தது. போதாததற்கு நுண்ணுயிர்கள் தங்கள் வேலைக்கு மண்ணிலிருந்த நைதரசனையும் எடுத்துக்கொண்டன. அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நல்ல மண்ணை நிரப்பி, செடியைப் பாதிக்கு வெட்டிவிட்டோம். மூன்று மாதத்தில் துளிர்த்தது, அவளுடைய முகத்தில் வந்த சிரிப்பை மறக்க மாட்டேன்.

பச்சையாகப் புதைக்கவே கூடாது என்றில்லை. ரோஜா, செவ்வரத்தை மாதிரிச் செடிகளுக்கு நடுத்தண்டிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி, கிளை விரிந்து முடிகிற எல்லைக்கு வெளியே, ஒரு அடி ஆழத்தில் சின்னக் குழி எடுத்து, நறுக்கிய கழிவையும் காய்ந்த இலையையும் கலந்து போட்டு, மேலே அரை அடி மண் மூடலாம். அடுத்த தடவை வேறு பக்கம். அசேலியாவுக்கும் கமேலியாவுக்கும் இதைச் செய்யவே செய்யாதீர்கள், அவற்றின் வேர் மேல்மண்ணிலேயே மெல்லிய நூலாகப் பரவியிருக்கிறது, மண்வெட்டி பட்டால் போச்சு.

செடிக்குப் போடுவது

நடுத்தரமான ஒரு செடிக்கு ஒரு தடவைக்கு அரை வாளி கூட்டெரு. அதைத் தண்டில் ஒட்டவிடாமல் மூன்று விரல் தள்ளி, கிளை விரிந்த அளவுக்கு ஒரு அங்குலக் கனத்தில் பரப்புங்கள். ரோஜாவுக்கு மேல்மண்ணை லேசாகக் கிளறிக் கலக்கலாம். அசேலியா, கமேலியாவுக்கு மேலே வைத்தாலே போதும், மழையும் மண்புழுவும் கீழே கொண்டுபோகும்.

சரிவில் நிற்கிற செடி என்றால் மேல்பக்கத்தில் வையுங்கள், மழை எப்படியும் கீழே இழுத்து வரும். அதைவிட நல்லது, செடியின் கீழ்ப்பக்கம் கல்லை அரைவட்டமாக அடுக்கி ஒரு சின்னத் தட்டு கட்டிவிடுவது, போட்டது போட்ட இடத்தில் நிற்கும். பிறகு இதற்கு மேலே மானாப்புல்லோ சவுக்கு இலையோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு இல்லாமல் கூட்டெரு போடுவது மஸ்கெலியா மழையில் பாதியைக் கானுக்குக் கொடுப்பதுதான்.

புதுச்செடி நடும்போது தோண்டிய மண் மூன்று பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. குழி முழுவதையும் கூட்டெருவால் நிரப்பினால் மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கும், வேரும் அந்த இனிப்பான இடத்தை விட்டு வெளியே போகாது.

இனிச் சாம்பல். சுத்தமான விறகுச் சாம்பல் மட்டும், அடுப்புப் பற்ற வைக்கப் பொலித்தீனோ வர்ணம் பூசிய பலகையோ எரித்தால் அந்தச் சாம்பல் வேண்டாம். ஆறியதும் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், மழையில் நனைந்தால் அதிலுள்ள பொட்டாசியம் கரைந்து போய்விடும். ஒரு ரோஜாவுக்கு அரைச் சிரட்டை, சுற்றித் தூவிக் கிளறிவிடுங்கள், வருடத்துக்கு இரண்டு தடவை போதும். பச்சைச் சாணியோடும் யூரியாவோடும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள், மூக்கைத் துளைக்கிற வாடையோடு நைதரசன் காற்றில் போய்விடும். கூட்டெருக் குவியலுக்குள்ளும் சாம்பலைக் கொட்ட வேண்டாம், அப்படிச் செய்தால் அந்தக் கூட்டெருவை அசேலியாவுக்குப் போட முடியாது. தோட்டங்களில் கவ்வாத்தையொட்டி டொலமைட் கல்தூள் போடுவதும் புளிப்பைக் குறைக்கத்தான், அதில் மக்னீசியமும் கிடைக்கிறது. ஒரே செடிக்குச் சாம்பல், டொலமைட் இரண்டையும் போட்டுப் புளிப்பை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள்.

முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அம்மியில் மாவு மாதிரி அரைத்துப் போடுங்கள். நொறுக்கிப் போட்ட ஓடு வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும், நான் கண்டிருக்கிறேன். நம் மண்ணின் புளிப்பு அதைக் கரைக்க உதவுகிறது, ஆனாலும் மாவாக இருந்தால்தான் வேகம். இதுவும் ரோஜாப் பக்கம் மட்டும். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை ஊற்றினால் பூத்துக் குலுங்கும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள், அதில் இறங்குகிற சத்து சொற்பம், தோலை நறுக்கி வாளியில் போடுங்கள், முழுதாகக் கிடைக்கும்.

எப்போது

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், அந்த மாதங்களில் போடுவதை நிறுத்தி மூடாக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை அடங்கியதும் ஒரு தடவை, பெப்ரவரியில் ஒரு தடவை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் பூக்க வேண்டும் என்றால் ரோஜாவை வெட்டிவிட்டுக் கூட்டெரு வைக்க பெப்ரவரித் தொடக்கம் சரி. டிசம்பர் கடைசியில் சத்தைக் கொட்டாதீர்கள், ஜனவரியில் உறைபனி விழுந்தால் புதுத்துளிர் எல்லாம் வெந்த மாதிரிக் கறுத்துவிடும். ஊவாப் பக்கம் கணக்கு வேறு, பண்டாரவளை, பதுளையில் பெரிய மழை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, அங்கே செப்டம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று.

ஹைட்ரேஞ்சியாவை நீலமாகவே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: சாம்பல், முட்டை ஓடு, டொலமைட் கிட்டே வரக்கூடாது, கூட்டெருவும் பைன் இலை மூடாக்கும் போதும். ஏற்கெனவே ரோஸாகிவிட்டதா, சாம்பலை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். எங்கள் வலப்பக்கச் செடிக்குச் சாம்பல் போடுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது, மழை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, இந்தத் தடவை வந்த பூக்களில் ஓரம் மட்டும் ஊதா ஏறியிருக்கிறது. அம்மா இப்போது சாம்பல் டின்னைத் தூக்கிக்கொண்டு ரோஜா வரிசைக்குத்தான் போகிறார்.

கூட்டெருவைச் சலிக்கும்போது மிஞ்சுகிற மக்காத கட்டைகளையும் மிலாற்றுத் துண்டுகளையும் எறியாதீர்கள், அவற்றில் நுண்ணுயிர் ஏறி இருக்கிறது. அடுத்த சாக்கின் அடியில் போட்டு, அதன் மேல் இன்றைய வாளியைக் கொட்டுங்கள்.